நிற்கிற காருக்கும் தீனி உண்டு!

மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல், திங்கள்சந்தை பக்கம் தெருத்தெருவாக நடந்து போனால் ஒரு காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். இரண்டு மாடி வீடு. முன்னால் போர்ச். அதற்குள் வெள்ளி நிற உறையைப் போர்த்திக்கொண்டு ஒரு கார். வீட்டில் இருப்பது வயதான அப்பாவும் அம்மாவும் மட்டும். காரை வாங்கிய மகன் துபாயிலோ தோஹாவிலோ மஸ்கட்டிலோ இருப்பார். வருஷத்துக்கு ஒரு தடவை முப்பது, நாற்பது நாள் லீவில் வருவார். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து கல்யாணங்களுக்கு, கோயில் கொடைக்கு, சர்ச் திருவிழாவுக்கு, மாமியார் வீட்டுக்கு என்று கார் அந்த ஒரு மாதம் பம்பரமாகச் சுற்றும். பிறகு மறுபடி உறை.

'ஓடாத வண்டிக்கு என்ன செலவு?' என்பதுதான் இந்த வீடுகளில் பொதுவான நம்பிக்கை. கணக்கு தப்புவது அங்கேதான்.

கொஞ்சம் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு போட்டுப் பார்க்கலாம். 7 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய ஒரு சிறிய பெட்ரோல் கார். பத்து வருஷம் வைத்திருக்கப் போகிறோம். வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓடினால், பத்து வருஷத்தில் ஒரு லட்சம். விலைகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இது ஒரு மாதிரிக் கணக்குதான்.

வருஷ சர்வீஸ் சராசரியாக 7,000 என்றால் பத்து வருஷத்தில் 70,000. வாங்கும்போது இருந்த டயர் தேய்ந்தபின் இரண்டு செட் மாற்ற வேண்டி வரும். ஒரு டயர் 4,500 என்றால் 36,000. பேட்டரி இரண்டு தடவை, 10,000. பிரேக் பேட், கிளட்ச், ஷாக் அப்சார்பர், ஏசி, அங்கே இங்கே உரசியதற்கு டிங்கரிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து 64,000. இன்ஷூரன்ஸ் பத்து வருஷத்துக்கும் சேர்த்து 1,30,000. மொத்தம் 3,10,000 ரூபாய். பெட்ரோல் நீங்கலாகக் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் பத்து பைசா.

இப்போது அதே காரை வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுவோம். ஓட்டம் ஐந்தில் ஒரு பங்குதான். செலவும் ஐந்தில் ஒன்றாகக் குறையுமா? குறையாது. ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டுமில்லை, நாள் கணக்கும் உண்டு. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ் என்றுதான் பெரும்பாலான பெட்ரோல் கார்களின் கையேட்டில் போட்டிருக்கும். ஆக வருஷம் 5,000 வீதம் 50,000. டயர் தேயாது, ஆனால் வயதாகி வெடிக்கும். ஒரு செட் மாற்ற 18,000. பேட்டரி சும்மா இருந்தே சாகும். மூன்று தடவை என்றால் 15,000. ஒட்டிக்கொண்ட பிரேக், எலி கடித்த வயர், கேஸ் போன ஏசி என்று 27,000. இன்ஷூரன்ஸ் அதே 1,30,000. மொத்தம் 2,40,000. கிலோமீட்டருக்கு 12 ரூபாய்!

ஓட்டம் ஐந்தில் ஒன்று. செலவோ நாலில் மூன்று பங்குக்கும் மேல். இதோடு பெட்ரோலையும் சேர்க்க வேண்டும். லிட்டர் 100 ரூபாய், 16 கிலோமீட்டர் மைலேஜ் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ஆறேகால் ரூபாய். பத்து வருஷம் கழித்து இரண்டு லட்சத்துக்கு விற்றால் வாங்கிய விலையில் ஐந்து லட்சம் கரைந்திருக்கும். அந்த ஐந்து லட்சத்தை 20,000 கிலோமீட்டருக்குப் பிரித்தால் 25 ரூபாய். எல்லாம் கூட்டினால் கிலோமீட்டருக்கு 43 ரூபாயைத் தாண்டுகிறது. ஜங்ஷன் ஸ்டாண்டில் நிற்கும் வாடகைக் காரின் ரேட்டை ஒரு தடவை விசாரித்துவிட்டு இந்த எண்ணைத் திரும்பப் பார்க்கலாம்.

கார் வாங்காதே என்று சொல்ல இந்தக் கணக்கு அல்ல. நடுராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் போர்ச்சில் ஒரு வண்டி நிற்பதன் மதிப்பு எந்தக் கணக்கிலும் அடங்காது. ஆனால் அந்த ராத்திரியில் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டுமே!

உப்பும் மழையும்

கார் நிற்பது எந்த ஊரிலும் கெடுதல்தான். குமரி மாவட்டத்தில் கொஞ்சம் கூடுதல். இடவப்பாதி என்று பெரியவர்கள் சொல்கிற தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். மதுரைப் பக்கம் கார்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் ஜூன், ஜூலையில் இங்கே காரின் அடிப்பாகம் ஈரத்தில் கிடக்கும். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கடல். கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரைக்கும் கடற்கரை ஊர்கள்தான். காற்றில் உப்பு வந்துகொண்டே இருக்கும்.

உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெளியே பளபளக்கும் பெயின்டை அது உடனே ஒன்றும் செய்யாது. கதவின் கீழ் விளிம்பு, சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, சைலன்சர், அடித்தகடுகள் சேரும் மடிப்பு என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் துரு குடியேறும். பெயின்ட் கொப்புளித்து வெளியே தெரியும்போது உள்ளே தகடு பாதி போயிருக்கும். அதற்கப்புறம் வெட்டி வெல்டிங் வைப்பதுதான் வழி. துருவுக்கான இந்தச் செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனி தராது, அது தேய்மானம்.

வாரத்துக்கு ஒரு தடவை கழுவுகிறோமே என்பார்கள். எந்தத் தண்ணீரில் என்பது முக்கியம். கடலோர ஊர்களில் பல கிணறும் போரும் உப்புத் தண்ணீர். அதில் கார் கழுவி அப்படியே காயவிடுவது உப்பைத் தேய்த்துவிடுவது மாதிரி. நல்ல தண்ணீர் குறைவாகக் கிடைத்தால் மேலே ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இருக்கும் நல்ல தண்ணீரைக் காரின் அடியில் பீய்ச்சலாம். மழைக்காலம் முடிந்ததும் ஒர்க்‌ஷாப்பில் தூக்கி வைத்து அடிப்பாகத்தைக் கழுவச் சொல்லி, கோட்டிங் உரிந்த இடத்தில் மறுபடி அடிப்பது சில ஆயிரத்தோடு முடிகிற வேலை.

அந்த வெள்ளி நிற உறையும் ஒரு வில்லன்தான். பிளாஸ்டிக் உறை மழையை உள்ளே விடாது. ஈரத்தை வெளியேயும் விடாது. கூரை உள்ள போர்ச்சில் அது தேவையே இல்லை. தூசிக்காகத்தான் என்றால் காற்றோட்டமுள்ள துணி உறை போதும்.

கூரை இல்லாத வீட்டில் கார் தென்னை மரத்தடியில் நிற்கும். தேங்காய் விழுந்து கண்ணாடி நொறுங்கிய கதைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. தேங்காய்க்குப் பயந்து மாமரத்தடிக்கு மாற்றினால் வேறு தொல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடையில் இலை சேர்ந்து, தண்ணீர் வடியும் துளையை அடைத்துவிடும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, காலடியில் விரித்த கார்பெட்டுக்கு அடியில் தேங்கும். கார் ஏன் பூசணம் பிடித்து நாறுகிறது என்று மாதக்கணக்கில் தேடுவார்கள்.

ஐந்து நிமிஷ ஸ்டார்ட்டிங்

'வாரத்துக்கு ஒருக்க ஸ்டார்ட் பண்ணி விடுங்கப்பா' என்று மகன் போனில் சொல்வதும், அப்பா போர்ச்சில் நிறுத்தியபடியே ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பதும் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு. இதில் நல்லதைவிடக் கெட்டது அதிகம். இன்ஜினைச் சுழற்ற பேட்டரி கொடுத்த மின்சாரம் ஐந்து நிமிஷத்தில் முழுதாகத் திரும்பி ஏறாது. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைப்பதால் உள்ளே உண்டாகும் நீராவி வெளியேறாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். சக்கரம் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. பிரேக்கும் டயரும் கிடந்த மாதிரியே கிடக்கும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுவது இந்தச் சடங்கு பத்து தடவைக்குச் சமம். தக்கலை வரைக்குமோ நாகர்கோவில் வரைக்குமோ போய்வந்தால் போதும். ஏசியும் ஓட வேண்டும். கம்ப்ரஸரின் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்களுக்கு எண்ணெய்ப் பசை போய்ச் சேர்வது அப்போதுதான். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது என்றால் ஒரு நாளைக்குக் கூலி பேசி ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடலாம். அவருக்குக் கொடுப்பதை வீண் என்று நினைப்பவர்கள் பேட்டரி விலையை ஒரு தடவை விசாரிக்கட்டும். இன்னும் நல்லது, வீட்டில் இருக்கும் மருமகளோ மகளோ ஓட்டப் படித்துக்கொள்வது. கார் நிற்பதன் மூலக் காரணமே பல வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும்.

ஓட்ட ஆளே இல்லை, மாதக்கணக்கில் நிற்கத்தான் போகிறது என்றால் அதற்கும் முறை உண்டு. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைக்கலாம். அந்த முனைகளில் கொஞ்சம் வாஸலின் தடவினால் உப்புக்காற்றில் பூக்காது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்கக் கூடாது. ஈரத்தில் பின்சக்கரப் பிரேக் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்தால் போதும். டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாம். பெட்ரோல் டேங்க்கைக் காலியாக விட வேண்டாம். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால், அதற்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. பழைய கார்களில் இந்தப் பெட்ரோலால் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொன்னது. அதனால் பழைய வண்டியில் பெட்ரோல் டியூப்களை வருஷ சர்வீஸில் பார்க்கச் சொல்வது நல்லது.

எலிக்கு முழுத் தீர்வு யாரும் கண்டுபிடிக்கவில்லை. ரப்பர் தோட்டமும் வயலும் வாழையும் சூழ்ந்த வீடுகளில் இன்ஜின் அறை எலிக்குச் சொகுசு பங்களா. வாரத்துக்கு ஒரு தடவை பானெட்டைத் திறந்து பார்ப்பதுதான் இருப்பதிலேயே மலிவான மருந்து. கூடு கட்டியிருந்தால் அன்றே தெரியும்; வயர் செட் முழுவதும் மாற்றும் நிலைக்குப் போகாது.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டன் தேயாமல் புதுசு போல இருக்கிறது என்று எட்டு வருஷ டயரோடு நாலுவழிச் சாலையில் நூறில் போகிறவர்கள் உண்டு. டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-வது வாரம் தயாரானது. ஐந்து, ஆறு வருஷம் தாண்டிவிட்டால் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று கடைக்காரரிடம் காட்டிவிட வேண்டும். இங்கே மிச்சம் பிடிக்க நினைப்பது உயிரோடு விளையாடுவது.

இன்ஷூரன்ஸ்: பாதிச் செலவு இங்கேதான்

நிற்கும் காரின் 2,40,000-ல் பாதிக்கு மேல் இன்ஷூரன்ஸ் என்பதைக் கவனித்திருக்கலாம். கட்டாமலும் இருக்க முடியாது. பொது ரோட்டில் ஓட்ட மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். மீதிப் பகுதி, அதாவது சொந்தக் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பிரீமியம், குறைக்கக் கூடியது. அதிகம் ஓட்டாதவர்களுக்காக, ஓடும் கிலோமீட்டரை வைத்துப் பிரீமியம் போடும் முறைக்கு 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி கொடுத்தது. ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார், கேட்க வேண்டும்.

அடுத்தது 'நோ கிளெய்ம் போனஸ்'. ஒரு வருஷம் கிளெய்ம் செய்யாவிட்டால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி; அது 25, 35, 45 என்று ஏறி, ஐந்து வருஷத்தில் 50 சதவீதம் ஆகும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் மறு வருஷம் தள்ளுபடி பூஜ்யம். 3,000 ரூபாய் பம்பர் கீறலுக்கு கிளெய்ம் போட்டு, 5,000 ரூபாய் தள்ளுபடியை இழப்பவர்கள் உண்டு. அந்த 3,000-மும் முழுதாகக் கைக்கு வராது. சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் பேட்டரி, டயருக்கும் பாதி விலைதான் தருவார்கள். தகடு பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கழிவு. ஐந்து வருஷம் தாண்டினால் 40 சதவீதம் போய்விடும். கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது. தேங்காய் விழுந்த வீட்டுக்காரர்களுக்கு அதில் ஓர் ஆறுதல்.

மகன் ஊரில் இல்லாத நேரத்தில் பாலிசி முடிந்து, 90 நாளுக்குள் புதுப்பிக்காமல் விட்டால் சேர்த்து வைத்த போனஸ் மொத்தமும் போய்விடும். முடியும் தேதி மகனின் போனில் மட்டும் இருந்தால் போதாது. வீட்டுக் காலண்டரிலும் எழுதித் தொங்க வேண்டும்.

வெள்ளம் வந்த நாளில் ஒன்றை மறக்கக் கூடாது. இன்ஜின் வரை தண்ணீர் ஏறிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. உள்ளே போன தண்ணீரை இன்ஜின் அழுத்தப் பார்த்து, ராடு வளைந்துவிடும். தண்ணீர் வடிந்தபின் சாவியைத் திருகியதால் வந்த சேதம் என்று தெரிந்தால், இன்ஜினுக்கென்று தனிக் காப்பு எடுக்காதவர்களுக்குக் கம்பெனி கையை விரித்துவிடும். டோ செய்து ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போவதுதான் ஒரே வழி.

கம்பெனி ஷோரூமா, தெருமுனைப் பட்டறையா?

அம்பாசடர் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. எந்த ஊர் மெக்கானிக்கும் ஒரு ஸ்பேனர் செட்டோடு பிரித்துப் பூட்டிவிடுவார். அந்தக் கார் 2014-ல் நின்றது. இப்போதுள்ள கார் பாதி கம்ப்யூட்டர். ஸ்கேனர் மாட்டிப் பார்க்காமல் நோயே தெரியாது. ஸ்கேனரும் ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி தடுக்கிறார்கள் என்று எழுந்த புகாரில், 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியில் ரிப்பேர் பார்த்தால் கம்பெனி முகம் சுளிக்கிறது என்பது ஏதோ ஒருவரின் மனக்குறை இல்லை என்பதற்கு அந்த உத்தரவே சாட்சி. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' என்ற பெயரில் ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் வாகனங்களும் உண்டு.

நடைமுறைக்கு வருவோம். வாரன்டி முடியும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டர். அதன் பிறகு ஆயில், பிரேக், சஸ்பென்ஷன் மாதிரி வேலைகளுக்கு நம்பிக்கையான பட்டறை போதும், செலவும் குறையும். நம்பிக்கை என்றால், மாற்றிய பழைய சாமானைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பவர்; பில் போடுபவர். சர்வீஸ் சென்டர் பில்லில் கேட்காமலே ஏறும் 'இன்ஜின் ஃப்ளஷ்', 'ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன்', 'ரப்பிங் பாலிஷ்' எல்லாம் கையேட்டில் இருக்கிறதா என்று பார்த்தால் பாதி கழிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான், அதற்கு முன் பலவற்றுக்கு 28. பில்லில் பழைய சதவீதம் போட்டிருந்தால் தாராளமாகக் கேட்கலாம்.

எல்லா வேலையையும் தள்ளிப்போட முடியாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவது சில நூறு ரூபாய் சமாச்சாரம். விட்டால் உள்ளே துருப்பிடித்து, சிலிண்டரோடு மாற்ற வேண்டி வரும். கூலன்டும் அப்படித்தான். தண்ணீர் ஊற்றிச் சமாளித்த ரேடியேட்டர் ஒருநாள் இன்ஜினையே சூடாக்கி ஹெட்டைக் கழற்ற வைக்கும். வருஷம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் டீசல் கார் வாங்குவதும் இந்த ரகம்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபின் டீசல் கார்களில் கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர் உண்டு. அது எரிய நீண்ட ஓட்டம் வேண்டும். ஜங்ஷனுக்கும் சந்தைக்கும் மட்டும் போய்வந்தால் அடைத்துக்கொள்ளும். மாற்றுவதற்குப் பெரிய தொகை.

'கேரளா வண்டி, ஒரே ஓனர்'

களியக்காவிளை தாண்டினால் கேரளம் என்பதால் பழைய கார் வாங்க அங்கே போவது இங்கே சகஜம். 'டாக்டர் ஓட்டினது, ஒரே ஓனர்' என்பது புரோக்கர்களின் தேசிய கீதம். நல்ல வண்டிகளும் கிடைக்கும். விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, அங்கிருந்து தடையில்லாச் சான்று, இங்கே வரி, மறுபதிவு. வேறு மாநிலப் பதிவோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்ட முடியாது. 2018 ஆகஸ்ட்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியதை நினைவில் வைத்து, அதற்கு முந்தைய வண்டி என்றால் சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பார்க்கலாம். அடியில் சேற்றுக் கறை இருந்தால் கதை தெரிந்துவிடும். ஸ்டெப்னி வைக்கும் பள்ளமும் பொய் சொல்லாது.

பதினைந்து வருஷம் ஆனால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கு 5,000 ஆனது. அதைவிடப் பெரிய செலவு, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டும் நிலைக்குக் கொண்டுவர வெல்டிங்குக்கும் பெயின்டுக்கும் ஆவது. அடித்தகடு முழுவதும் போயிருந்தால் அந்தப் பணத்தைப் போடுவதில் அர்த்தமில்லை.

யார் கையிலிருந்து போகிறது?

நிற்கும் காரின் செலவில் யாரும் பேசாத பகுதி ஒன்று உண்டு. மகனுக்கு நினைவில் இருப்பது லோன் தவணை மட்டும். பேட்டரி, சர்வீஸ், டிங்கரிங், ஆக்டிங் டிரைவர் கூலி எல்லாம் அப்பாவின் பென்ஷனிலிருந்தோ, தேங்காய், ரப்பர் ஷீட் விற்ற பணத்திலிருந்தோ போகும். 'அவன் அங்க வெயில்ல கிடந்து கஷ்டப்படுகான், இதை எதுக்குச் சொல்லணும்' என்று அம்மா மறைத்துவிடுவார். பணம் இல்லாத மாதத்தில் சர்வீஸ் தள்ளிப்போகும். லீவில் வரும் மகன், 'வண்டிய ஏன் இப்படி நாசமாக்கி வச்சிருக்கீங்க?' என்று வந்த அன்றே சண்டை போடுவார்.

மாதிரிக் கணக்கின் 2,40,000-ஐப் பத்து வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 2,000 ரூபாய். அனுப்பும் பணத்தில் 'இது காருக்கு' என்று அந்த இரண்டாயிரத்தைத் தனியாகச் சொல்லி, வீட்டில் தனிக் கணக்கில் போட்டு வைக்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றியது, எவ்வளவு என்று நாலு வரி எழுதி, பில்லை அதிலேயே ஒட்டிவிட்டால் போதும். சண்டைக்கு இடமில்லை. ஒருநாள் விற்க வேண்டி வந்தால், ஆர்.சி. புத்தகத்தோடு அந்த நோட்டையும் நீட்டலாம். பேரம் பேச வருகிறவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்.